கறண்ட் இல்லாத இரவுகளும் ஒரு மூச்சின் கணக்கும்

கடந்த கோடையில் என் மகன், தன் குடும்பத்தோடு எங்களையும் ஏற்றிக்கொண்டு, கனடாவின் அல்கொன்குயின் வனப்பூங்காவுக்குப் புறப்பட ஆயத்தமானான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த வீட்டு வண்டி ஒன்றை மூன்று நாள்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். மின் இணைப்புள்ள தரிப்பிடங்கள் யாவும் முன்கூட்டியே நிறைந்துவிட்டன. எங்களுக்குக் கிடைத்தது மின்கம்பமே இல்லாத ஓர் ஏரிக்கரை.

புறப்படுவதற்கு முதல் நாள் அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அப்பா, அங்கை கறண்ட் இல்லை. உங்கடை மெசினுக்கு என்ன செய்யிறது?"

"ஆறு வருசம் கறண்ட் இல்லாமல் இருந்தவனிட்டையோ இதைக் கேக்கிறாய்?" என்று சிரித்தேன்.

அவனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடிந்த பின்னர் இருவரும் சற்று நேரம் பேசாமலிருந்தோம். யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி வாழ்ந்த அந்த ஆண்டுகளில் என் மூச்சு மின்சாரத்தை நம்பியிருக்கவில்லை. இன்று நம்பியிருக்கிறது. அந்த வேறுபாடு பற்றியும், அன்று எங்களுடன் வாழ்ந்து உறக்கத்திலேயே போய்விட்ட ஒருவர் பற்றியும் எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. எழுதாமல் ஒத்திப்போட்ட கடன் அது.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சி அளவு மீறி, நாக்கின் அடிப்பகுதியும் மென்மையான அண்ணமும் பின்னோக்கிச் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. குருதியில் ஒட்சிசன் குறையும். மூளை அபாயமறிந்து உடலை உலுப்பும். பெரும் குறட்டையோடு மூச்சு மீளும். உறங்குபவருக்கோ காலையில் எதுவும் நினைவிராது. மணிக்கு ஐந்து தடவைக்கு மேல் இவ்வாறு மூச்சுத் தடைப்பட்டாலோ குறைந்தாலோ அதை நோய் என்கிறார்கள்; முப்பதைத் தாண்டினால் கடுமையான நோய். எனக்குப் பரிசோதனையில் வந்த எண் நாற்பத்தொன்று.

இதற்கான இயந்திரத்தை 1980இல் ஆக்கியவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் கொலின் சலிவன். தொண்டையை வெட்டித் துளையிடுவதே கடும் நோயாளருக்கு அதுவரை இருந்த உறுதியான சிகிச்சை. சலிவன் மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஓயாது செலுத்தினார். அந்தக் காற்றே மூச்சுப்பாதையைச் சரியவிடாமல் உள்ளிருந்து தாங்கி நின்றது. 1981இல் அவரும் சக ஆய்வாளர்களும் 'லான்செட்' மருத்துவ இதழில் இதனை வெளியிட்டார்கள். ஆரம்ப இயந்திரங்கள், தூசு உறிஞ்சும் கருவியின் மோட்டாரைப் போன்ற பெரும் காற்றூதிகளோடு, பேரிரைச்சலுடன் இயங்கியவை. இன்று என் கட்டிலருகே இருப்பது ஒரு சிறிய ரொட்டிப் பெட்டியின் அளவுதான். ஆனாலும் அதற்குக் கறண்ட் வேண்டும். விடிய விடிய வேண்டும்.

இனி, கறண்ட் இல்லாத காலத்துக்கு வருகிறேன்.

இந்திய அமைதிப் படை 1990 மார்ச்சில் வெளியேறியது. அதே ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அந்த மாதத்தோடு குடாநாட்டின் விளக்குகள் அணைந்தன. லக்சபானவிலிருந்து கம்பிவழி வந்த மின்சாரமும் இல்லை. சுண்ணாகம் மின்நிலையத்தின் இயந்திரங்களும் இல்லை. ஒரு நாள், இரு நாள், ஒரு கிழமை என்று எண்ணத் தொடங்கினோம். பின்னர் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். கம்பங்கள் நின்ற இடத்தில் நின்றன. சில இடங்களில் கம்பிகள் அறுந்து தொங்கின. அவற்றைத் தொட எவரும் அஞ்சவில்லை. பிள்ளைகள் அவற்றில் ஊஞ்சலாடியதைக் கண்டிருக்கிறேன்.

மின்சாரம் நின்றதோடு காரியம் முடியவில்லை. பெற்றோல், டீசல், உரம், சீமெந்து, இரும்பு என்று குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அது காலத்துக்குக் காலம் நீண்டும் குறுகியும் வந்தது. அப்பட்டியலில் சாதாரண ரோச் லைற் பற்றரியும் அடங்கும். குண்டு வெடிக்கவைக்க உதவும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நான்கு பற்றரிகள் இல்லாததால் ஒரு வீட்டின் வானொலி ஊமையாகிவிடும் என்பதைப் பற்றிப் பேசியவர் எவருமில்லை. மண்ணெண்ணெய் வந்தது, ஆனால் துளித்துளியாக வந்தது.

அந்தத் துளிகளிலிருந்து பிறந்ததுதான் 'சிக்கன விளக்கு'. ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு. அது நனையுமளவுக்கு மாத்திரம் மண்ணெண்ணெய். நூல் போன்ற மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நின்று எரிவதால் காற்றுக்கு அணையாது. ஓர் அறையின் இருளை அது போக்காது. ஒரு புத்தகத்தின் பக்கத்தை மட்டும் காட்டும். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு க.பொ.த. உயர்தரம் படித்து, மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆகி, இன்று உலகெங்கும் பரந்திருக்கும் ஒரு தலைமுறையை நான் அறிவேன். இதை வாசிக்கின்ற உங்களில் சிலரும் அந்தப் போத்தலருகே இருந்திருப்பீர்கள்.

வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இயந்திரத்தை உயிர்ப்பிக்க மாத்திரம் ஒரு சொட்டுப் பெற்றோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் கரும்புகை கக்கியபடி, புதிய வாகனங்களால் இயலாததைச் செய்துகாட்டின. நோயாளியை ஏற்றிச் செல்லும் வாடகைக் காருக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்கள் முகம் கரியேறி வீடு திரும்பினார்கள்.

ஆனால் எங்கள் மின்சாரம் என்று சொல்லத்தக்கது சைக்கிள் டைனமோவே. சைக்கிளை நிறுத்தியில் ஏற்றி, பின்சில்லு தரையில் படாமல் நிறுத்தி, மிதியைக் கையாலோ காலாலோ சுழற்ற வேண்டும். சில்லோடு உரசிச் சுழலும் டைனமோ, முன்விளக்குக்கென ஆக்கப்பட்ட ஆறு வோல்ற் மின்சாரத்தைத் தரும். நான்கு பற்றரி போடும் வானொலிக்கு வேண்டியதும் ஆறு வோல்ற்தான். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். ஆகவே இடையில் டயோட்டுகளையும் ஒரு கொள்ளளவியையும் பொருத்த வேண்டும். இவற்றைப் பழுதான வானொலிகளின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். பௌதிகவியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதைப் பதினான்கு வயதுப் பையன்கள் திண்ணையில் ஈயப்பற்று வைத்துச் செய்தார்கள். மிதிப்பவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். அவன் உற்சாகமடைந்தால் வானொலி இரையும்.

பிரித்தானியாவின் திரெவர் பேலிஸ், கையால் முறுக்கி இயக்கும் வானொலியை 1991இல் சிந்தித்து, 1994இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் காட்டியபோது உலகம் வியந்தது. வியக்கத்தக்க மனிதர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே காலத்தில் குடாநாட்டின் ஒழுங்கைகளில் எத்தனை பேலிஸ்கள் காற்சட்டையோடு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது எந்தத் தொலைக்காட்சிக்கும் தெரியாது. இது எங்களுக்கு மட்டும் உரிய பெருமையும் அல்ல. 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மனியரின் பிடியிலிருந்த நெதர்லாந்தில் மின்சாரம் நின்றபோது, அங்குள்ளோரும் வீட்டுக்குள் சைக்கிள் மிதித்து வெளிச்சம் பெற்றார்கள். முற்றுகைக்குள் அகப்பட்ட மனிதன் எந்த நாட்டவனாயினும் முதலில் தன் கால்களை நம்புகிறான்.

எங்கள் வீட்டில் மிதிப்பவன் என் மகன். 1990இல் அவனுக்கு ஒன்பது வயது. இரவு 9.15க்கு லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை. அரை மணிநேரம். அது எனக்குத் தொழில். செய்தி முகவரகங்களின் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்ட ஊரில், வெளியுலகம் பத்திரிகைக் காரியாலயத்துக்குள் நுழைந்த வாசல் வானொலியே. மகன் மிதிப்பான், நான் சிக்கன விளக்கின் முன் குந்தியிருந்து குறிப்பெடுப்பேன். மறுநாள் காலை அது செய்தியாகும். அச்சுத்தாளுக்கும் தட்டுப்பாடு. கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அக்காலத்தில் வெளிவந்தன. வரலாற்றாசிரியர் எவராவது அந்த இதழ்களைப் புரட்டினால், அவற்றின் பின்னால் எத்தனை சிறுவர்களின் கால்வலி இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த அரை மணிநேரத்துக்கு அயலவர்கள் எங்கள் திண்ணையில் கூடுவார்கள். அவர்களுள் ஒருவர் பக்கத்து வீட்டு வாத்தியார். இளைப்பாறிய கணித ஆசிரியர்; பருத்த உடல், குறுகிய கழுத்து, இனிய சுபாவம். செய்திக்கு முதல் ஆளாக வருவார். தமிழோசையின் தொடக்க இசை முடியுமுன் நித்திரையாகிவிடுவார். தலை நெஞ்சில் விழும். குறட்டை எழும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். திடீரெனக் குறட்டை நிற்கும். அந்த அமைதியில் மிதிக்கும் சங்கிலியின் ஓசையும் வானொலியும் மாத்திரம் கேட்கும். பிறகு ஒரு பெரிய உறுமலோடு அவர் விழித்து, "என்ன சொன்னவன்?" என்று கேட்பார். எல்லாரும் வாய்விட்டுச் சிரிப்போம். அவருக்குக் கும்பகர்ணன் என்று பெயர் வைத்தவன் நான். இராவணனின் நாட்டில் அந்தப் பெயருக்குப் பொருத்தம் தேட வேண்டியதில்லையே என்று என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன்.

மின்சாரம் இல்லாத இரவின் அமைதி எத்தகையது என்பதை அனுபவித்தவரே அறிவர். மின்விசிறி இல்லை, குளிர்பெட்டி இல்லை, தொலைக்காட்சி இல்லை. விமானம் வராத இரவுகளில் அடுத்த வளவின் இருமல் கேட்கும். அதற்கடுத்த வளவின் குழந்தை அழுவது கேட்கும். வாத்தியாரின் குறட்டை எங்கள் படுக்கையறைக்குத் தெளிவாகக் கேட்டது. அது நிற்பதும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனத்துக்குள் எண்ணியதுண்டு. இருபது, இருபத்தைந்து வரை எண்ணியிருக்கிறேன். பிறகு அந்த உறுமல். எங்களுக்கு அது நேரம் போக்கும் ஒரு வேடிக்கை.

1993இல் ஒரு விடியற்காலை மாமி வேலியருகே வந்து என் மனைவியைக் கூப்பிட்டா. வாத்தியார் எழும்பவில்லை.

மாரடைப்பு என்றார்கள். உறக்கத்தில் போனது புண்ணியச் சாவு என்றும் சொன்னார்கள். அவருக்கு இருந்தது இந்த நோய்தான் என்று இன்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பரிசோதனை செய்யப்படாத ஒரு மனிதருக்கு முப்பது ஆண்டு கழித்து நோய்ப்பெயர் வைப்பது மருத்துவமும் அல்ல, பத்திரிகைத் தொழிலும் அல்ல. ஆனால் எனக்கு நோய் உறுதிப்பட்ட நாளில், மருத்துவர் ஒவ்வொரு அடையாளமாகக் கேட்டுக்கொண்டு போனார். பகல் தூக்கம், பருத்த கழுத்து, நின்று நின்று எழும் குறட்டை, மூச்சு நிற்பதை அருகிலிருப்போர் கண்டது. நான் என்னைப் பற்றிப் பதில் சொல்லவில்லை. வாத்தியாரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். கடுமையான உறக்க மூச்சுத்தடை, குருதியமுக்கத்தையும் இதய நோயையும் பக்கவாதத்தையும் வரவழைக்க வல்லது என்று அவர் விளக்கியபோது, நான் எண்ணி எண்ணிச் சிரித்த அந்த இருபத்தைந்து வினாடிகள் நினைவுக்கு வந்தன.

அன்று அறிந்திருந்தால் எதையாவது செய்திருக்க முடியுமா? இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அவர் கணித ஆசிரியர். ஆகவே கணக்காகவே போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு சைக்கிள் டைனமோ தருவது மூன்று வாற். இன்றைய மூச்சு இயந்திரம் ஒன்று, ஈரப்பதமூட்டியை நிறுத்திவிட்டால், அழுத்தத்தைப் பொறுத்து ஓர் இரவு எட்டு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 200 வாற்-மணி வரை உண்கிறது. மேல் எல்லையை எடுத்துக்கொள்வோம். மூன்று வாற் டைனமோ எட்டு மணிநேரம் ஓய்வின்றிச் சுழன்றால் 24 வாற்-மணி. அப்படியானால் எட்டுச் சைக்கிள்கள், எட்டுப் பிள்ளைகள், எட்டு மணிநேரம். 192 வாற்-மணி. ஒரு மனிதர் ஒரு முழு இரவு மூச்சுவிடுவதற்கு ஒழுங்கையிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் விடியும்வரை மிதிக்க வேண்டும். இதுவும் இன்றைய சிக்கனமான இயந்திரத்துக்கான கணக்கு. அன்றைய இயந்திரங்கள் இதனினும் பெரியவை, பசி மிகுந்தவை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார் பற்றரிகள் ஊரில் இருந்தன. நீரிறைக்கும் இயந்திரத்தோடு மின்னாக்கியைப் பூட்டி அவற்றுக்கு மின்னேற்றித் தந்தவர்கள் இருந்தார்கள். தொலைக்காட்சியையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, இரவிரவாக நான்கு படம் பார்த்த ஊர் அது. வேண்டும் என்று தெரிந்திருந்தால் ஒரு பற்றரியை ஒழுங்குசெய்திருப்போம். இல்லாதது மின்சாரம் மட்டுமன்று. அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்ற அறிவு எங்களிடம் இல்லை. அதைக் கண்டறியும் கூடம் இல்லை. அந்த இயந்திரம் வந்து இறங்கும் வழியும் இல்லை. முற்றுகை என்பது பொருள்களை மாத்திரம் மறிப்பதல்ல. அறிவு வரும் பாதையையும் சேர்த்தே மறிக்கிறது.

மூச்சுக்காக மனிதர் கையால் உழைத்த வரலாறும் உண்டு. 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவி, நோயாளர் மூச்சுவிட இயலாமல் குவிந்தார்கள். இயந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்கமருந்து நிபுணர், தொண்டையில் குழாய் பொருத்தி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றுச் செலுத்தும் முறையைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, பல மாதங்களாகப் பையை அமுக்கினார்கள். பெரும்பாலோர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, பெரும்பாலோர் பிழைக்கும் நிலை வந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் பிறப்பு அங்கேதான் என்பார்கள்.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை நினைக்கும்போது எனக்கு அந்த மாணவர்களின் நினைவு வரும். 1987 ஒக்ரோபரில் தன் வளவுக்குள்ளேயே படுகொலையைக் கண்ட வைத்தியசாலை அது. 1990இன் பிற்பகுதியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் அதைச் சுற்றிய பகுதி பாதுகாப்பு வலயமாயிற்று. ஜெனரேற்றருக்கு வரும் எரிபொருளை அளந்து, அறுவைக்கூடத்துக்கு இவ்வளவு, குருதிக் குளிர்பெட்டிக்கு இவ்வளவு என்று பகிர்ந்த காலம். அங்கே பணியாற்றிய என் மருத்துவ நண்பர் ஒருவர் பின்னாளில் சொன்னார்: "எங்களுக்கு மருந்து முடிஞ்சது தெரியும், டீசல் முடிஞ்சது தெரியும். கை முடிஞ்சது எண்டு ஒருநாளும் வந்ததில்லை." கையால் அமுக்கும் பையோடு தாதியும், அவர் களைத்தால் நோயாளியின் உறவினரும் கட்டிலருகே நின்ற இரவுகளைப் பற்றி அவர் சொன்னது அது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் நடந்தது. நாங்களும் நடந்தோம். வானொலியை நான் சுமந்தேன். டைனமோ பூட்டிய சைக்கிளை மகன் உருட்டினான். அந்த ஆண்டு டிசம்பரில் நகரம் இராணுவத்தின் கைக்கு மாறியது. அதன்பின், கப்பலில் வந்த எரிபொருளையும் மின்பிறப்பாக்கிகளையும் நம்பி, பகுதி பகுதியாக விளக்குகள் மீண்டும் எரிந்தன. தேசிய மின்வலையோடு குடாநாடு மறுபடி இணைந்தது 2013 அளவில். ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகம் போகும் வயதுக்கு வரும் காலம் அது.

இணைந்த பின்னரும் மின்சாரம் எந்நேரமும் நிற்கலாம் என்பதை 2022 காட்டியது. நாட்டின் கருவூலத்தில் அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருள் வாங்க வழியின்றி, அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தது. இம்முறை வடக்குக்கு மட்டுமல்ல, நாடு முழுமைக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு அகப்பட்டதால் இலங்கை முழுவதுமே இருண்டதாக அறிவிக்கப்பட்டபோது பலர் சிரித்தார்கள். எனக்கு முழுதாகச் சிரிக்க இயலவில்லை. இன்று ஊரிலும் வீட்டில் ஒட்சிசன் செறிவாக்கியோடு வாழ்வோர் உள்ளனர். என்னைப் போல முகமூடி அணிந்து உறங்குவோரும் உள்ளனர். அவர்களுக்கு மின்வெட்டு என்பது வெளிச்சத்தின் பிரச்சினையன்று.

குடாநாட்டை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பி வாழ்ந்துவந்த தீவுகள். அங்கே சூரிய ஒளியும் காற்றும் மின்கல அடுக்கும் சேர்ந்த கலப்பு மின்நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2021இல் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியாவின் ஆட்சேபத்துக்குப் பின் அது கைமாறி, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைத் திட்டமாக உடன்பாடாகி, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. ஒரு தீவுக் கிழவரின் மின்விசிறிக்குப் பின்னால் இரண்டு வல்லரசுகளின் கணக்கு இருக்கிறது. ஆனால் பாலும் பழமும் விளையும் வெயில் யாருடையதும் அல்ல. எங்கள் ஊர் வெயிலில் நூறு வாற் சூரியத்தகடு ஒன்று ஒரு நல்ல நாளில் 400 வாற்-மணி அளவில் தரும். அதைச் சேமிக்க ஒரு பற்றரி இருந்தால், ஒருவர் இரண்டு இரவு மூச்சுவிடலாம். எட்டுப் பிள்ளைகளும் படுத்து உறங்கலாம்.

ஊருக்குப் போகும் அன்பர்களில் இந்த இயந்திரம் உள்ளவர்களுக்கு அனுபவத்தில் அறிந்த சிலவற்றைச் சொல்கிறேன். மின்சாரத்தை அதிகம் தின்பது காற்றூதியன்று. நீரைச் சூடாக்கும் ஈரப்பதமூட்டியும் சூடேறும் குழாயுமே. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அவற்றை நிறுத்திவிட்டால் தேவை பெரும்பாலும் பாதிக்கும் கீழே போகும். பற்றரியின் நேரோட்டத்தை வீட்டு மின்சாரமாக்கி, அதை இயந்திரத்தின் மாற்றி மறுபடி நேரோட்டமாக்குவது இரட்டைச் செலவு. அந்தந்த இயந்திரத்துக்கென விற்கப்படும் 12 வோல்ற் நேரோட்ட இணைப்பியை வாங்குவதே முறை. கார் கிளப்பும் பற்றரி இரவு முழுவதும் வடிந்தால் சீக்கிரம் பழுதாகும். ஆழமாக வடியத்தக்க வகைப் பற்றரியே இதற்கு உகந்தது. அதிலும் ஈயப் பற்றரியாயின் பாதிக்கு மேல் வடியவிடக்கூடாது. விமானத்தில் லித்தியம் பற்றரியைக் கைப்பொதியிலேயே கொண்டுசெல்ல வேண்டும். 100 வாற்-மணிக்கு மேற்பட்டால் 160 வரை விமான நிறுவனத்தின் முன்அனுமதி தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன் ஓர் இரவு சொந்த வீட்டில் பற்றரியில் உறங்கிப் பாருங்கள். காட்டிலோ தீவிலோ நள்ளிரவில் முதல் பரிசோதனை வேண்டாம்.

ஏரிக்கரைக் கதையை முடிக்கவில்லை. வண்டியின் உறைபெட்டிக்கும் விளக்குக்கும் அதன் சொந்தப் பற்றரியே வேண்டியிருந்தது. இரவில் ஜெனரேற்றர் ஓட்டக்கூடாது என்பது பூங்காவின் விதி. மகன் முதல் நாளே 100 ஆம்பியர்-மணிப் பற்றரி ஒன்றையும், இணைப்பியையும், மடிக்கத்தக்க சூரியத்தகடு ஒன்றையும் எனக்கென்று தனியே வாங்கிவைத்திருந்தான். இருட்டில் நெற்றிவிளக்கோடு கம்பிகளைப் பூட்டினான். தடித்த கம்பி, மெல்லிய கம்பி, உருகி. நேர்முனை எது, எதிர்முனை எது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பூட்டினான். திண்ணையில் சைக்கிளருகே குந்தியிருந்த பையனின் முகபாவம் மாறவேயில்லை. தலைமயிர் மட்டும் நரைத்திருந்தது.

இயந்திரம் மெல்ல மூச்செடுத்தது. நான் முகமூடியைக் கையில் எடுத்தேன்.

"வாத்தியார் மாமா ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் மிதிக்கேக்கை அவற்றை குறட்டை நிண்டால் நானும் மிதிக்கிறதை நிப்பாட்டுவன், அப்பா. அவர் திரும்ப மூச்சு விடுறது கேக்க வேணும் எண்டு. நீங்கள் செய்தி போச்செண்டு என்னைப் பேசுவியள்."

எனக்கு அது நினைவில்லை. பேசியிருப்பேன். செய்திதான் முக்கியம் என்று நம்பிய காலம் அது. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எங்களைவிடக் கவனமாகக் கேட்டிருக்கிறான் என்பதை முப்பது ஆண்டு கழித்து ஓர் அந்நிய ஏரிக்கரையில் அறிந்தேன்.

விடிந்தபோது பற்றரியில் பாதிக்கு மேல் மீதமிருந்தது. ஏரியின் மேல் பனிப்புகை. மகன் வண்டியின் படியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தான். இரவு நித்திரை கொண்டாயா என்று கேட்டேன். இடையிடையே எழும்பி நீங்கள் மூச்சு விடுகிறீர்களோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்றான்.